கோயமுத்தூருக்கு அப்புறம் ஈரோடு

இந்துமதியைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாத சொந்தக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. லிஃப்டில் ஏறப் பயம், பல்லியைக் கண்டால் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். சேவூரிலிருந்து கல்யாணமாகி அனுப்பர்பாளையத்துக்கு வந்த அன்றைக்கே, பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டுகிற சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டு எழுந்து நின்றவள் என்று நாத்தனார்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீட்டு மாடியில் அவர்களுடைய பனியன் கம்பெனி நடந்த காலம் முழுக்க, செக்கிங் செக்‌ஷனைத் தனியாளாகக் கட்டி மேய்த்தவள் அந்தப் பயந்தாங்கொள்ளிதான். ஓட்டை விழுந்த ஒரு பீஸ் அவள் கண்ணுக்குத் தப்பி டப்பாவுக்குள் போனது என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்!

அவளுடைய பயங்களுக்கெல்லாம் தலையாய பயம் ஒன்று உண்டு. அது வீட்டுக்காரர் தரணீதரனின் சர்க்கரை. சர்க்கரை ஏறுவதைப் பற்றி அவள் அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. அதற்கு ஊசி இருக்கிறது. இறங்குவதுதான் குலைநடுக்கம். ஊசியைப் போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் விட்டால் மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும், அப்புறம் ஆளே சாய்ந்துவிடும். தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது அப்படித்தான் ஆனது. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, "பீஸெல்லாம் அயர்ன் பண்ணியாச்சா?" என்று அதட்டினார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இந்துமதிதான் ஓடிப்போய்ப் பாயசத்தை வாளியோடு தூக்கி வந்து புகட்டினாள்.

அன்றைக்கு வயிற்றில் கரைந்த புளி அப்புறம் தெளியவே இல்லை. அவர் குளிக்கப் போனால் கதவைத் தட்டுவாள். தூங்கினால் நெற்றியைத் தொட்டு வியர்வை பார்ப்பாள். "ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? ஏனுங்க, பிஸ்கட் ஏதாச்சும் வேணுங்களா?" என்று நாள் முழுக்க அவள் கூப்பிடுவது தெருவில் போகிறவர்களுக்கே பழகிவிட்டது.

கம்பெனியை மூடி, மெஷின்களைப் பங்காளி வீட்டில் விட்ட பிறகு மாடி ஹால் காலியாகக் கிடந்தது. அங்கேதான் தரணீதரன் ரயில் விட ஆரம்பித்தார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே ரயில்தான். எப்போதோ ஜவுளிக் கண்காட்சிக்கு ஜெர்மனி போன கூட்டத்தோடு போனவர், அங்கே பனியன் வாங்குகிற ஒரு பையர் வீட்டில் ஜாண் நீள எஞ்சின்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டார். தண்டவாளம், கைகாட்டி, பிளாட்பாரம் எல்லாம் அச்சு அசல். ஊர் திரும்பும்போது சாக்லேட் இருக்க வேண்டிய பெட்டியில் ஓர் எஞ்சின் இருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் அது பீரோவில் தூங்கியது. கம்பெனி மூடியதும் எழுந்துகொண்டது.

ஈரோட்டில் ஆரம்பித்து ஊத்துக்குளி, திருப்பூர், வஞ்சிபாளையம், சோமனூர் வழியாகக் கோயமுத்தூர் வரை, தினம் ஆயிரம் பேர் போய்வருகிற அதே பாதையை ஹாலுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பலகைக்கு எங்கே போவது? பழைய கட்டிங் டேபிள்கள்தான் இருந்தனவே. அவற்றைத் தூக்கி மூன்று சுவரோரமும் ஒட்டிப் போட்டார். கதவுப் பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு, நாலாவது வரிசையைப் போட்டு வட்டத்தை மூடினார். நடுவில் அவர் நிற்பதற்கு ஒரு குழி போல இடம். எல்லா ஸ்விட்சும் அந்தக் குழிக்குள்தான்.

பனியன்காரரின் புத்தி இங்கேதான் காலை வாரியது. கட்டிங் டேபிள் என்பது இரண்டு பக்கமும் ஆள் நின்று துணி விரிப்பதற்காகச் செய்தது. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்தப் பக்கத்து ஆள் எங்கே நிற்பான்? சுவருக்குள்ளா? மேசையின் பின்பாதி யார் கைக்கும் எட்டவில்லை. ஊத்துக்குளியில் ஒரு பெட்டி தடம் புரண்டால் அதைத் தூக்கி வைக்க ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். ஞாயிறன்று அந்தோணிராஜ் வருவார். கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், சாத்தான்குளத்துக்காரர், இப்போது வேறு யூனிட்டில் வேலை. பூசைக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்து கூட்ஸ் வண்டி ஓட்டுவார். தடம் புரண்டதைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு மேசை மேல் ஏறிவிடுவார்.

"டேபிள் மேல கால் வெக்காதீங்கன்னு எத்தன வருசமாச் சொல்றனுங்க அந்தோணி," என்பாள் இந்துமதி.

"என்ன செய்ய அக்கா, அண்ணாச்சி ஊத்துக்குளிய எட்டாத தூரத்துல கொண்டு வச்சிருக்காவளே!"

இன்னொரு கூத்து, வட்டம் மூடுகிற இடம். கதவுக்கு எதிரே, கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில், ஒரு பலகையைப் பாலம் போலக் கீல் வைத்துப் பொருத்தியிருந்தார். தூக்கினால் உள்ளே போக வழி. இறக்கினால் ரயில் நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடும்.

"கோயமுத்தூரைத் தாண்டுனா ஈரோடு வருதாக்கும்? இதென்னங்க ஊரு?" என்று இந்துமதி கேட்டாள்.

"வண்டி நிக்காம ஓடோணுமில்ல. அதுக்காகத்தான்," என்றார் அவர்.

பலகையைத் தூக்கினால் வண்டிகளை நிறுத்த வேண்டும். இறக்கினால் தண்டவாளம் மயிரிழை விலகி நிற்கும். எக்ஸ்பிரஸ் வேகமாக வந்து அந்த இடத்தில் குப்புற விழும். எரிச்சல் தாங்காமல் ஒருநாள் கீலைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்புப் பட்டை வைத்துப் பலகையை ஸ்குரூ போட்டு இறுக்கிவிட்டார். அதற்கப்புறம் உள்ளே போக ஒரே வழி, பலகைக்கு அடியில் தவழ்வதுதான். அவர் தவழ்ந்தார். இந்துமதிக்கு மூட்டுத் தேய்மானம். மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அந்தக் குழிக்குள் அவர் போய்விட்டால் அவளைப் பொறுத்தவரை அவர் வேறு ஊருக்குப் போன மாதிரிதான்.

"ஏனுங்க, உள்ள இருக்கறப்ப உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்பிடீங்க வருவேன்?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாது. நீ வாயை வெச்சுட்டுச் சும்மா இரு, இந்து."

அவள் மகள் ஜனனியிடம் சொன்னாள். கோயமுத்தூரில் மெர்ச்சண்டைசராக இருக்கிற பெண், அப்பனைப் போலவே பிடிவாதக்காரி. போனிலேயே சத்தம் போட்டாள். சரி சரி என்றார் தரணீதரன். ஜனனி வருகிற நாள் மட்டும் ஸ்குரூவைக் கழற்றிப் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைப்பார். "பாரு கண்ணு, வழி இருக்குதில்ல?" மகளுடைய கார் தெருமுனை திரும்புவதற்குள் பலகை மறுபடியும் ஏறிவிடும். இந்த வித்தையை எங்கே கற்றார் என்று இந்துமதிக்குத் தெரியாதா? பையர் ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று, கம்பெனியில் நடைவழிக்காகத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் ஒரு பண்டல்கூட இருக்காது. எமர்ஜென்சி கதவு திறந்து கிடக்கும். ஆடிட்டர் படி இறங்கியதும் பண்டல்கள் பழைய இடத்துக்கே வந்து கதவை அடைத்துக்கொள்ளும். அந்தப் பண்டல்களை நகர்த்தவும் மறுபடி அடுக்கவும் சொன்னவளே அவள்தான். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தானே என்று அப்போது நினைத்தாள். இப்போது அதே வித்தை தன் வீட்டுக்காரரை உள்ளே வைத்துப் பூட்டுகிறதே!

தீபாவளிக்கு முந்தின நாள். திருப்பூர் காலியாகிக் கிடந்தது. தெக்கத்தி ஆட்கள் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தோணிராஜும் குடும்பத்தோடு சாத்தான்குளத்தில். வடநாட்டுப் பையன்களும் ரயிலேறிவிட்டார்கள். பக்கத்து யூனிட்கள் பூட்டியிருந்தன. எந்நேரமும் கடகடவென்று ஓடுகிற மெஷின் சத்தம் இல்லாமல் தெருவே ஊமையாகிவிட்டது. எங்கோ சின்னப் பிள்ளைகள் வெடிக்கிற வெடி மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

காலையில் ஊசி போட்டுக்கொண்ட தரணீதரன், "ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வந்து சாப்பிடறேன்," என்று மாடிக்குப் போனார். இந்துமதி பின்னாலேயே இட்லித் தட்டோடு போனாள். திரும்பிப் பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

"உட மாட்டியா என்னை? மூச்சு உடறதுக்காச்சும் உடுவியா? நானா வர்ற வரைக்கும் கூப்பிடாதே!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படிக் கத்தியதில்லை. அவள் தட்டோடு கீழே வந்தாள். முறுக்கு மாவு பிசைந்திருந்தது, எண்ணெயைக் காயவைத்தாள். பிழிந்தாள், திருப்பினாள், எடுத்தாள். காதெல்லாம் மாடியிலேயே இருந்தது. ரயில் ஓடுகிற சன்னமான உறுமல் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் அவர் நன்றாக இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். கூப்பிட நாக்கு துடித்தது. கூப்பிடவில்லை. ரோஷம்! பயந்தாங்கொள்ளிக்கு ரோஷம் இருக்கக் கூடாதா என்ன? அடுப்பை அணைத்தபோதும் மேலே ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஒரே சத்தம். வேகம் கூடவில்லை, குறையவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிறுத்தி எடுக்கிற மனுஷன் இத்தனை நேரம் ஒரே வேகத்தில் விடுவாரா?

முட்டி வலியை மறந்து படியேறினாள். "ஏனுங்க!" பதில் இல்லை. எக்ஸ்பிரஸ் அவள் முகத்துக்கு முன்னால் கோயமுத்தூரைத் தாண்டி ஈரோட்டுக்குள் போனது. குழிக்குள் ஆள் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறிப் பார்த்தாள். மேசைக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"ஐயோ சாமி!"

கத்தினாள். தெருவுக்கே கேட்கக் கத்தினாள். கேட்க யார் இருக்கிறார்கள்? அவள் கத்தலுக்குப் பதில் போல ஒரு சரம் படபடவென்று வெடித்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வருகிறோம், தீபாவளிக் கூட்டம், கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். கீழே ஓடி குளுக்கோஸ் டப்பாவையும் கையில் கிடைத்த சாக்லேட்டையும் எடுத்து வந்தாள். சாக்லேட்டை வீசினாள். அது அவர் தோளில் பட்டு மடியில் விழுந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். என்ன பொருள் என்றே தெரியாதவரைப் போலப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார்.

"தின்னுங்க! அதைப் பிரிச்சு வாயில போடுங்க! ஏனுங்க, நான் சொல்றது கேக்குதுங்களா?"

இல்லை. கேட்கவில்லை. பலகைக்கு அடியில் புகுந்துவிடலாம் என்று குனிந்தாள். முட்டி மடங்கவில்லை, பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்குரூவைக் கழற்றுகிற கருவி உள்ளே அவர் பக்கத்தில் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு மேசை அகலம். ஒரு கைக்கு எட்டாது, அவ்வளவுதான். அந்த அகலத்துக்கு அந்தப் பக்கம் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தார். இந்துமதிக்கு அப்படி ஒரு பயம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. பல்லியும் லிஃப்டும் எந்த மூலைக்கு! தான் செத்துவிட்டால்கூடத் தேவலாம் என்று தோன்றுகிற பயம்.

டப்பாவை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, ஸ்டூலிலிருந்து அப்படியே மேசை மேல் குப்புறச் சாய்ந்தாள். முட்டியை ஊன்ற முடியாது; கையை ஊன்றி வயிற்றால் நகர்ந்தாள். கோயமுத்தூர் ஸ்டேஷன் கூரை அவள் மார்புக்கடியில் நொறுங்கியது. கைகாட்டிக் கம்பம் முழங்கையில் குத்திக் கிழித்தது. சுற்றிக்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் வந்து அவள் இடுப்பில் மோதி, பெட்டி பெட்டியாகக் கவிழ்ந்து, சக்கரம் மட்டும் ர்ர்ரென்று சுழன்றது. நகர்ந்தாள். அந்தப் பக்கம் விளிம்பு வந்ததும் பிடிக்க எதுவுமில்லை. தலைகீழாகச் சரிந்து தோளில் விழுந்தாள்.

அவர் வாயைத் திறந்து குளுக்கோஸ் பொடியை விரலால் கன்னத்துக்குள் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். "முழுங்குங்க, முழுங்குங்க" என்று அரற்றினாள். எவ்வளவு நேரமோ! வியர்வையில் குளிர்ந்திருந்த உதடு மெல்ல அசைந்தது. நாக்கு அவள் விரலைத் தேடி வந்தது. அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து, பலகைக்கடியில் தவழ்ந்து நுழைந்தபோது, கணவனும் மனைவியும் குளுக்கோஸ் அப்பிய முகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் வந்த ஜனனி எடுத்த எடுப்பில் தீர்ப்பு சொல்லிவிட்டாள். "எல்லாத்தையும் பிரிச்சுப் போடறோம். நாளைக்கே. ஒரு தண்டவாளம்கூட இருக்கப்படாது."

தீபாவளியன்று இந்துமதி மாடிக்குப் போனபோது, தரணீதரன் கவிழ்ந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முழங்கையில் கட்டு.

"இந்து, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்தப் பலகையை நான் வண்டிக்காக மட்டும் இறுக்கல. உள்ள போயிட்டா நீ வர முடியாதில்ல, அதுக்குந்தான். காலைலருந்து ராத்திரி வரைக்கும் நல்லா இருக்கறீங்களா, நல்லா இருக்கறீங்களான்னு நீ கேக்கக் கேக்க, நான் இன்னைக்கோ நாளைக்கோ போயிருவேன்னே எனக்குத் தோணுது. உள்ள நிக்கறப்பத்தான் அது மறக்குது."

இந்துமதிக்குச் சுருக்கென்று தைத்தது. மேசை மேல் ஊர்ந்து போனதைவிட இது வலித்தது. இத்தனை வருஷப் பயமும் யாருக்காக? அந்த மனுஷனே அதிலிருந்து தப்பிக்கத்தான் கூண்டு கட்டிக்கொண்டாராம்! எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். போகவில்லை.

"நான் பயப்படாம இருக்க முடியாதுங்க. அது என்ற சுபாவம். இனிக் கூப்பிடறதில்ல, போதுங்களா? ஆனா வழி வேணும். ஆடிட்டுக்குக் காட்டற வழி இல்லீங்க. எப்பவும் தெறந்தே இருக்கற வழி."

"பலகையை எடுத்துட்டா வண்டி சுத்தாதே."

"சுத்த வேண்டாம். கோயமுத்தூர்ல போயி நிக்கட்டும். எஞ்சினைத் திருப்பி மாட்டி ஈரோட்டுக்கே வரட்டும். நெசத்துல அப்பிடித்தானுங்களே போகுது?"

அவர் கையிலிருந்த பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்தார். நிற்காமல் ஓடுகிற எக்ஸ்பிரஸ் அவருக்கு உயிர். அப்புறம், "நீ கூப்பிட மாட்டே. சரி. எனக்கு ஒண்ணுன்னா உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவரே கேட்டார். கேட்டவரே பதிலையும் கண்டுபிடித்தார். இரண்டு முனையில் இரண்டு ஸ்டேஷன் என்று ஆகிவிட்டால், இந்த முனையிலிருப்பவர் அந்த முனையிடம் லைன் கிளியர் கேட்டு வாங்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. பாதை காலியா, அனுப்பலாமா என்று ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டாக வேண்டும். ரயில்வேயின் சட்டமே அது.

"கோயமுத்தூருக்கு நீதான் ஸ்டேஷன் மாஸ்டர். நீ கூப்பிடக் கூடாது. நான் கூப்பிடுவேன்," என்றார்.

ஜனனியிடம் இந்துமதியே பேசினாள். "ஆறு மாசம் பாக்கலாம் கண்ணு. சரிப்படலீன்னா நானே பிரிச்சுப் போட்டுடறேன்." மகளுக்கு அரை மனசுதான்.

லீவு முடிந்து வந்த அந்தோணிராஜ் ரம்பத்தை எடுத்தார். பாலப் பலகை போனது. சுவரோர மேசைகளில் கை எட்டாத பின்பாதியையும் அறுத்துத் தள்ளினார். ஊத்துக்குளியில் வண்டி ஒதுங்கி நிற்கிற லைன் போயிற்று, மலைகள் போயின. ரம்பம் இறங்க இறங்க தரணீதரன் முகம் சுருங்கியது. ஒவ்வொரு துண்டையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கொடுத்தார்.

"அழுவாதீங்க அண்ணாச்சி, இனி நீங்களே எட்டி எடுத்துக்கிடலாம். ஏறுனேன்னு எனக்கும் ஏச்சு கெடையாது," என்றார் அந்தோணிராஜ்.

கதவுப் பக்கம் இந்துமதிக்கு ஒரு நாற்காலி, ஒரு காலிங்பெல், பழுதுபார்த்த கோயமுத்தூர் ஸ்டேஷன். முதல் நாட்கள் அவளுக்கு நரகம்தான். ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொன்று தெரியக் கூடாது என்று மேசைக்கு மேல் வைத்த மறைப்பில் பாதி ஹால் தெரியாது. ஈரோட்டுப் பக்கம் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க முடியாது. மணி அடிக்கும். "பாசஞ்சர் வருது, லைன் கிளியர் குடு!" என்பார். பாதையைப் பார்த்துவிட்டுத் திருப்பி மணி அடிப்பாள். வண்டி வந்து நிற்கும். அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் அந்த மௌனம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. நாக்கைக் கடித்துக்கொண்டு, முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். மணி அடித்தால் போன உயிர் திரும்பி வரும். அவரும் மாறித்தான் போயிருந்தார். சில சமயம் அனுப்ப வண்டியே இல்லாதபோதும், "லைன் சும்மா டெஸ்ட் பண்ணினேன்," என்று ஒரு தரம் அடித்து வைப்பார்.

மாசியில் ஒரு மத்தியானம். "கூட்ஸ் வருது" என்றார். லைன் கிளியர் கொடுத்தாள். கூட்ஸ் வந்து அவள் கண்ணெதிரே நின்றது. நின்று கொஞ்ச நேரமாயிற்று. மறுபடி மணி அடித்தது.

"கூட்ஸ் வருது. லைன் கிளியர் குடு."

இந்துமதி மேசையைப் பார்த்தாள். கூட்ஸ் இங்கேயே நிற்கிறது. அவரிடம் இருப்பது ஒரே கூட்ஸ்.

"எந்தக் கூட்ஸுங்க?" என்றாள் மெதுவாக.

"அதான், கூட்ஸ். எத்தன தடவ சொல்றது? குடு!" குரலில் ஒரு சிடுசிடுப்பு. கடைசி வார்த்தை லேசாக இழுபட்டது.

அவள் கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்து, குளுக்கோஸ் கரைத்து வைத்திருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, பலகை இருந்த இடத்தின் வழியே நேராக நடந்தாள். குனியவில்லை, தவழவில்லை. அவர் ஸ்விட்சுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை.

"எதுக்கு ஸ்டேஷனை உட்டுட்டு வந்தே? போ அக்கட்டால. நான் நல்லாத்தான் இருக்கறேன்!"

"சரீங்க, நல்லாத்தான் இருக்கறீங்க. இதை மட்டும் குடிச்சுப்போடுங்க."

கையைத் தட்டிவிட்டார். அவள் விடவில்லை. பாட்டிலை உதட்டில் வைத்து, பிடரியைத் தாங்கிப் பிடித்தாள். முதலில் முறைத்தார், அப்புறம் குடித்தார். ஸ்டூலில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று, நிறம் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வை அடங்கியது. கண்கள் அவளைக் கண்டுபிடித்தன.

"இறங்கிருச்சா?"

"ஆமாங்க."

"நீ கூப்பிடவே இல்லியே. எப்பிடித் தெரிஞ்சுது?"

"எனக்கு முன்னால வந்து நிக்கற வண்டிக்கே மறுபடியும் லைன் கிளியர் கேட்டீங்க."

அவர் கோயமுத்தூர்ப் பக்கம் எட்டிப் பார்த்தார். நிற்கிற கூட்ஸைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"அப்ப நானாத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கறனா?"

"ஆமாங்க," என்றாள் இந்துமதி. "நீங்கதான் கூப்பிட்டீங்க."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவளுடைய கை நடுங்க ஆரம்பித்தது. அதை மறைக்க வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.